உறிமேல் தண்ணீர்

அம்மாபேட்டை, சேலம்
14-7-1936

மாமாவுக்குப் பாப்பாயி எழுதுவது.

நானும் கண்ணாத்தாளும் உயிரோடு சேலத்தில் இருக்கிறோம். கிணற்றில் இறங்கித் தேடியிருப்பீர்கள், அதனால் இதை முதலில் எழுதுகிறேன். சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அன்று விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். தண்ணீர்க் குடத்தை உறியில் ஏற்றி வைத்திருந்தீர்கள். அருணகிரிக்கு எட்டக்கூடாது என்று ஏற்றினீர்களே, அதே உறி. மகள் அதன் அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயதாகியும் எழுந்து நிற்கத் தெம்பில்லாத பிள்ளை. அழவில்லை. என்னைப் பார்த்ததும், "ஆத்தா, தண்ணி மேல போயிருச்சு" என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"குடிக்கறதாலதான் இத்தன மூத்திரம் போகுதுங்க. குடிக்கறத நிறுத்துனா போறதும் நின்னுரும்" என்று வைத்தியர் சொன்னதை நம்பித்தான் அருணகிரிக்கும் தண்ணீரை நிறுத்தினோம். அவன் தவழ்ந்துபோய் மாட்டுத்தொட்டியில் தலையைக் கவிழ்த்துக் குடித்தான். நீங்கள் தொட்டிமேல் முள்படல் வைத்தீர்கள். பங்குனி வெயிலில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிப்போய்ச் செத்தான். நம் தலைச்சன் பிள்ளைக்கு வந்த அதே தாகமும் வளைந்த முழங்காலும் இவளுக்கும் வந்தபிறகு, அதே வைத்தியரை மறுபடியும் எப்படி நம்பினீர்கள்?

ஊருக்குச் சேலை கொண்டு வருவாரே நெசவுக்காரர் சின்னண்ணன், அவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் இருக்கிறோம். அவர் மனைவி அங்காளம்மாளிடம் தறி நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றக் கற்றுக்கொண்டேன். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். கண்ணாத்தாளைப் பார்த்துவிட்டு, மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். கேட்கிறபோதெல்லாம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொடுக்கிறேன்.

இவள் நடக்கிற வரைக்கும் நான் வரமாட்டேன்.

பாப்பாயி


அர்த்தநாரீசுவரர் துணை
ஊஞ்சக்காட்டுத் தோட்டம், பரமத்தி
தாது வருஷம் ஆடி 8

பாப்பாயிக்குச் சென்னியப்பன் எழுதியது.

கிணற்றில் தேடினோம். பண்ணையாள் ஆண்டி முங்கி முங்கி எழுந்தான். மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஊரே வந்து நின்றது. சாயங்காலம் பஸ்காரன் வந்து, "அம்மா சேலம் பஸ்ல ஏறுனாங்களே, தெரியாதுங்களா?" என்றான். அந்தக் கூட்டத்தின் நடுவில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உன் ஐந்தாம் வகுப்புப் படிப்புச் சொல்லித் தரவில்லையா?

ஊரெல்லாம் சொந்தக்காரர் இருக்க நெசவுக்காரர் வீட்டில் போய்த் தார் சுற்றுகிறாயாம். ஐயனுக்கு இதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. உனக்கு அவர் மாமனார் மட்டுமா, உன் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அந்த நினைப்பாவது இருந்திருக்க வேண்டும்.

நான் என் பிள்ளையைத் தாகத்தில் வாட்டிக் கொன்றேன் என்பதுதான் உன் கடிதம். நேராகவே எழுதியிருக்கலாம். முள்படல் வைத்தது நான்தான். தொட்டியிலிருந்து அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தது யார்? மடியில் போட்டுக்கொண்டு, "நாளைக்குத் தாரேன் சாமி, நாளைக்குத் தாரேன்" என்று சொல்லிச் சொல்லித் தூங்க வைத்தது யார்? அவன் போன பிறகு நான் தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன். வீட்டுக்குள் அழுதால் உனக்குத் தாங்காது என்று அழவில்லை. அதை இப்போது கல்நெஞ்சு என்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். என் சித்தப்பன் பெரியப்பன் வீடுகளில் பிள்ளைகள் குதித்துக்கொண்டு திரிகின்றன. உன் வயிற்றில் பிறந்த இரண்டுக்கு மட்டும் ஏன் இப்படி? ஐயன் கேட்கிற கேள்வி இது.

ஆண்டியிடம் ராகி மாவும் கருப்பட்டியும் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாத்தாளுக்குத்தான். அவள் கருப்பட்டி என்றால் சிரிப்பாள்.

சென்னியப்பன்


அம்மாபேட்டை, சேலம்
2-9-1936

மாமாவுக்கு,

கருப்பட்டி வந்தது. சிரித்தாள். "ஐயன் குடுத்துச்சா?" என்று உங்களை நினைத்துக் கேட்டாள்.

கையைப் பிடித்து இழுத்தது நான்தான். அதை நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதனால்தான் இந்த முறை கிளம்பி வந்தேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், கோபப்படாமல் படியுங்கள். கோயில் திருவிழாவுக்கு ஆடு அறுத்தால் இரண்டு குண்டிக்காய் எடுப்பீர்களே, மனுஷருக்கும் அதே இடத்தில் இரண்டு உண்டாம். உடம்புக்கு வேண்டாததை மூத்திரத்தில் தள்ளி, வேண்டியதை நிறுத்தி வைப்பது அதன் வேலை. நாம் தின்கிற சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து இவள் உடம்பில் கரைய வேண்டியபடி கரையாமல் உப்புப் பூத்த மாதிரி உள்ளே தங்கிவிடுகிறது. பிறவியிலேயே அப்படி. அது குண்டிக்காயைக் கெடுத்துவிட்டது. கெட்டுப்போனது எதையும் நிறுத்தி வைக்காது. தண்ணீரும் போகிறது, எலும்புக்கான சத்தும் போகிறது. அதனால்தான் கால் வளைகிறது, வளர்த்தி இல்லை, சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. வெளிச்சத்தில் கண் கூசுகிறதே, அது எதனால் என்று அவருக்கே தெரியவில்லை. வெளிநாட்டுப் புத்தகத்தில் இப்படிச் சில குழந்தைகளைப் பற்றிப் படித்திருக்கிறாராம். இது அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறார்.

ஆனால் ஒன்றை மட்டும் மேசையைத் தட்டிச் சொன்னார். "குடிக்கறதால போகலைம்மா. போறதாலதான் குடிக்கறா." எனக்கு அருணகிரியின் உதடு கண்ணில் வந்தது. மாமா, நாம் தலைகீழாகப் புரிந்துகொண்டோம்.

பிறகு, "உனக்கும் உன் புருஷனுக்கும் முன்னாடியே சொந்தமா?" என்று கேட்டார். அத்தை மகள், மாமன் மகன் என்றேன். பெரிய மாமாவின், அதாவது உங்கள் ஐயனின், கல்யாணத்தில் என் அம்மா தங்கையாக நின்று இணைச்சீர் செய்து, "எனக்குப் பிறக்கும் பெண் அண்ணன் பையனுக்கே" என்று சபையில் சொன்னதையும் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இந்த வியாதி ஒருவரிடமிருந்து வருவதில்லையாம். தகப்பனிடம் ஒரு பங்கும் தாயிடம் ஒரு பங்கும் ஒளிந்திருந்து, இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால்தான் வருமாம். ஒரு பங்கோடு இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்களையும் என்னையும் போலக் கல்லுப்போல இருப்பார்கள். ஒரே தாத்தாவின் ரத்தம் என்றால் இரண்டு பக்கமும் அது இருப்பது சுலபம். ஐயன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

மருந்துப் பொடியும் மீன் எண்ணெயும் கொடுக்கிறார். உப்புக்கு ஏங்கினால் உப்பு கொடுக்கச் சொன்னார். நேற்றுத் தறிக்குழி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்காளம்மாள் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஒரு நாள் வாருங்கள். டாக்டரம்மா உங்களிடம் நேரில் பேச வேண்டும் என்கிறார்.

பாப்பாயி


அர்த்தநாரீசுவரர் துணை
ஊஞ்சக்காடு
தாது வருஷம் ஐப்பசி 20

பாப்பாயிக்கு,

கூப்பிட்டாய் என்று வந்தேன். வந்ததற்கு நல்ல மரியாதை கிடைத்தது.

நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பொம்பளை எங்கள் வம்சத்தில் வியாதி இருக்கிறது என்கிறாள். நீ பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறாய். உன் பங்கை ஒத்துக்கொள்வது உன் இஷ்டம். என் பங்கையும் சேர்த்து நீ எப்படி ஒத்துக்கொள்ளலாம்? ஐயனைப் பெற்ற எங்கள் அப்பாரு எண்பது வயதில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். அவர் ரத்தத்தில் குறை என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எழுந்து வந்ததற்கு இதுதான் காரணம். நீ தெருவில் பின்னால் ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

அதைவிட ஒன்று. நான் கூப்பிடக் கூப்பிட கண்ணாத்தாள் கண்ணைத் திறக்கவே இல்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நாளில் பெற்றவனைப் பார்க்கக்கூடாது என்று பழக்கிவிட்டாய்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஊரார் வாயில் கேட்பதற்குமுன் நான் சொல்வதுதான் முறை. இந்தத் தோட்டத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஐயன் பிடிவாதமாக இருக்கிறார். வேறு எங்கும் போகப் போவதில்லை. உன் தங்கை பழனியம்மாளையே எனக்குக் கேட்டிருக்கிறார். உன் அப்பாவும் அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார்கள். உன் அம்மா இணைச்சீரில் நின்று சொன்ன சொல்லுக்கு மூத்தவள் என்றும் இளையவள் என்றும் கணக்கு இல்லை. உரிமைப் பெண் உரிமைப் பெண்தான். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் உன்னை மதிக்க மாட்டாள். பழனி என்றால் அக்காள் என்று ஒதுங்கி நடப்பாள். உனக்கும் யோசித்துத்தான் இதைச் செய்கிறோம்.

நீ திரும்பி வந்தால் உன் இடம் உன் இடம்தான். யாரும் எடுக்கப்போவதில்லை.

சென்னியப்பன்


அம்மாபேட்டை, சேலம்
16-11-1936

மாமா,

கண்ணாத்தாளுக்கு வெயில் கண்ணில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. நீங்கள் வந்தது உச்சி வேளை, வாசலுக்கு நேரே நின்றீர்கள். நீங்கள் போன பிறகு இருட்டு அறையில், "ஐயன் எங்க?" என்று கேட்டு அழுதாள். நான் பழக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் உங்கள் முகத்தைக் கையால் தடவிப் பார்த்திருப்பாள்.

பழனி விஷயம். நான் இதுவரை உங்களை எதற்கும் கெஞ்சியதில்லை, இப்போது கெஞ்சுகிறேன். அவள் என் கூடப்பிறந்தவள். எனக்குள் இருக்கிற பங்கு அவளுக்குள்ளும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். டாக்டரம்மாவைக் கேட்டேன், பிள்ளை பிறக்காமல் சொல்ல வழியில்லை என்கிறார். உங்களுக்குள் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். இரண்டு பிள்ளைகள் அதற்குச் சாட்சி. பிள்ளை பிறந்து தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு பெண்ணை இதில் தள்ளலாமா? பழனிக்குப் பதினைந்து வயது. அருணகிரியை இடுப்பைவிட்டு இறக்காமல் தூக்கித் திரிந்தவள்.

உங்களுக்குப் பெண்டாட்டி வேண்டும், பிள்ளை வேண்டும். நான் மறுக்கவில்லை. தாராபுரம் பக்கம் பாருங்கள், கரூர் தாண்டிப் பாருங்கள், சொந்தம் தட்டாத இடத்தில் யாரை வேண்டுமானாலும் கட்டுங்கள். நானே சபையில் வந்து நின்று, எனக்குச் சம்மதம் என்று சொல்கிறேன். அவள் என்னை மதிக்க வேண்டாம். அவளுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு நான் பீத்துணி அலசுகிறேன்.

அதுவும் போதாது என்றால் இன்னொன்று. பழனியை விட்டுவிடுங்கள், நான் கண்ணாத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். டாக்டரம்மா வேண்டாம். தார் சுற்றுவது வேண்டாம். ஐயன் சொல்வதைக் கேட்டு அடங்கி இருக்கிறேன். இவளுக்குத் தண்ணீர் மட்டும் கொடுக்க விடுங்கள். நடப்பாள் என்ற ஆசையையும் விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். "சொன்ன சொல்ல மாத்துனா எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்கிறாள் அம்மா. நிறுத்த முடிகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். மாப்பிள்ளை வேண்டாம் என்றால் யாரும் கட்டி வைக்க முடியாது.

பதில் எழுதுங்கள்.

பாப்பாயி


அர்த்தநாரீசுவரர் துணை
ஊஞ்சக்காடு
தாது வருஷம் தை 5

பாப்பாயிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

ஐயனிடம் சொல்லாமல் இல்லை. வெளியில் பார்க்கலாமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப என் தங்கச்சி ரத்தம் கெட்ட ரத்தமாடா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் என்ன பேச முடியும்? ஆமாம் என்று சொல்லச் சொல்கிறாயா? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

இருபத்தோராம் தேதி முகூர்த்தம். பழனி நல்ல திடமாக இருக்கிறாள், நீ பயப்படுகிறபடி ஒன்றும் வராது. ஒரு டாக்டர் சொன்னால் அதுவே வேதம் இல்லை.

நீ வர வேண்டாம். சபையில் ஏதாவது பேசிவிடுவாய், அப்புறம் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து வா.

சென்னியப்பன்


அர்த்தநாரீசுவரர் துணை
ஊஞ்சக்காடு
பிரமாதி வருஷம் தை 18

பாப்பாயிக்கு,

மூன்று வருஷமாக நீ ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இந்த விலாசத்தில் இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

பழனிக்குப் பையன் பிறந்து ஒன்றேகால் வயது. மாரப்பன் என்று எங்கள் அப்பாரு பெயர் வைத்தோம். பிறந்தபோது பார்க்கிறவர் கண் படும், அப்படி இருந்தான். எட்டு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு பால் குடித்ததெல்லாம் கக்க ஆரம்பித்தான். பல் முளைக்கும் கோளாறு என்றார்கள். இப்போது தொட்டில் துணி எந்நேரமும் நனைந்திருக்கிறது. உட்கார வைத்தால் சாய்கிறான். செம்பைக் கண்டால் கை இரண்டையும் நீட்டுகிறான்.

நான் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐயன் அதே வைத்தியரைக் கூட்டி வந்தார். அவரும் அதையே சொன்னார். நேற்று ஐயன் குடத்தை எடுத்து உறியில் வைத்துவிட்டார். பழனி என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாமா, குடுக்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. உன் கடிதங்களில் இருந்ததை நான் அவளிடம் சொன்னதில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நீ எழுதியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஐயன் முன்னால் வாய் வரவில்லை. தண்ணீர் கொடுக்கலாமா? கொடுத்தால் பிழைப்பானா? நீ ஒரு கடிதம் எழுதினால் அதைக் காட்டி நான் பேசுவேன்.

கண்ணாத்தாள் எப்படி இருக்கிறாள்? ஏழு வயதாகியிருக்கும். நடக்கிறாளா? பரமத்திச் சந்தையில் அவளுக்குப் பச்சைப் பாவாடை ஒன்று வாங்கினேன், வருஷம் ஆகிறது. அளவு தெரியாமல் வாங்கிவிட்டேன்.

சென்னியப்பன்


அம்மாபேட்டை, சேலம்
5-2-1940

சென்னியப்ப கவுண்டர் அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். வேறு முறை எதுவும் நமக்குள் மிச்சமில்லை.

பாவாடையை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கண்ணாத்தாள் போன புரட்டாசியில் போய்விட்டாள். நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தறிக்கும் அடுப்புக்கும் நடந்தாள், அங்காளம்மாளோடு பேசிப் பேசி அவள் வேலையைக் கெடுத்தாள். பிறகு குண்டிக்காய் வேலையை விட்டுவிட்டது. முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது, கடைசியில் வலிப்பு வந்தது. சின்னண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார். உங்களுக்கு எழவு சொல்லி அனுப்பலையா என்று கேட்டார். கல்யாணத்துக்கு வராதே என்றவர்களுக்குச் சாவை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன். சாகிற அன்று காலையிலும் செம்பு அவள் தலைமாட்டில் இருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். காட்டிப் பேசுவதற்கு ஒரு கடிதம் கேட்டீர்கள். ஐயனிடம் காட்டுவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் பாடு. ஒன்று மட்டும் செய்யுங்கள். என் தங்கைக்கு எழுத்துத் தெரியாது. இதற்குக் கீழே இருப்பதை அவளை எதிரில் உட்கார வைத்து நீங்களே வாசிக்க வேண்டும். ஒரு வரியும் தாண்டக்கூடாது.

பழனி, சாமி, அக்கா எழுதுகிறேன்.

உன் பையனுக்கு வந்திருப்பது அருணகிரிக்கும் கண்ணாத்தாளுக்கும் வந்தது. நீ செய்த குற்றம் எதுவும் இல்லை. உன் பாலில் குறை இல்லை, உன் வயிற்றில் குறை இல்லை. உன்னிடம் ஒரு பங்கும் உன் புருஷனிடம் ஒரு பங்கும் இருந்தது, அது சேர்ந்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு முன்பே இது உன் புருஷனுக்குத் தெரியும். நான் எழுதியிருந்தேன்.

அவனுக்குத் தண்ணீர் கொடு. கேட்டால் கொடு, கேட்காவிட்டாலும் கொடு. கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடு. வெயிலில் தூக்கிக்கொண்டு போகாதே, கண் கூசும். அவனையும் எடுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறி இங்கே வா. அம்மாபேட்டையில் நெசவுக்கார சின்னண்ணன் வீடு என்று கேட்டால் சொல்வார்கள். டாக்டரம்மா பார்ப்பார், மருந்து தருவார், கொஞ்ச வருஷம் உன் மடியில் இருப்பான். பிழைப்பானா என்று கேட்காதே. எனக்குப் பொய் எழுத வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு சாகமாட்டான், அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரை குடத்தை உறியிலிருந்து இறக்கி அவன் பக்கத்தில் வைத்துக்கொள். கொடுக்கலாமா என்று யாரையும் கேட்காதே. பெரிய மாமா வேண்டாம் என்பார், வைத்தியர் வேண்டாம் என்பார். இதை இப்போது உனக்கு வாசித்துக் காட்டுகிறவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போவார். நீ கொடு.

பாப்பாயி